தொட்டிலும் சட்டமும்

பிள்ளை பெற்றவளுக்குப் படிப்பெதற்கு என்போர் நம் காஞ்சித் தறிவீடுகளிலும் உண்டு. தார் சுற்ற அவள் கை வேண்டும். ஏடு தொட்டால் மட்டும் குடி கெட்டுவிடுமாம்!

லீலா சேத், தாயான பின்னரே இலண்டனில் சட்டம் பயின்றார். நாள்தோறும் வகுப்பில் அமரும் கட்டாயமில்லை, குழந்தையைக் கவனிக்கலாம் என்பதே அப்படிப்பைத் தேர்ந்த காரணம். 1958இல் வழக்கறிஞர் தேர்வில் முதலிடம் பெற்றார். 1991இல் இமாசலப் பிரதேச உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியானார். இந்தியாவில் அத்தகைய பதவி ஏறிய முதற்பெண் அவரே.

பின்னர்ச் சட்ட ஆணைய உறுப்பினராகி, கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குப் பங்கு கேட்டார். நம் வாசலைத் தொடும் வழக்கு அது. தமிழகம் 1989இலேயே அப்பங்கைத் தந்தது, பெருமைதான். ஆயினும் அதற்குமுன் மணமான நம் அன்னையர்க்கு அது எட்டவில்லை. 2005ஆம் ஆண்டு நடுவணரசின் திருத்தமே, பாட்டன் தறியில் அவர்க்கும் பங்குண்டு என்றது.