மல்லாட்டை போட வருகிறவர்களுக்கு

மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட வருகிற பிள்ளைகள் முதலில் கேட்பது உரத்தைப் பற்றி. நான் விதைப் பயிறைக் கையில் கொடுத்து மூக்கைப் பார்க்கச் சொல்வேன். முளை அங்கேதான் இருக்கிறது. தண்ணீர் தெளித்து உரித்ததிலும் மெஷினில் உடைத்ததிலும் மூக்கு நசுங்கி, தோல் கிழிந்திருக்கும். மண்ணுக்குள் போனதும் பூசணம் பிடித்து அழுகும். விதைக்கென்றால் காய்ந்த காயைக் கையால்தான் உரிக்க வேண்டும், அதுவும் விதைக்கிற சமயத்தில்.

எனக்கு இதைப் பழக்கியவர் எங்கள் கொல்லைக்குக் களை வெட்ட வந்த பெரியம்மா. கட்டைவிரலால் நுனியில் ஒரு அழுத்து, ஓடு பிளந்து பயிறு முழுசாக முறத்தில் விழும். ஊர்க்கதை பேசிக்கொண்டே உரிப்பார். சுருங்கியதும் நிறம் மாறியதும் விரலுக்கே தெரிந்து தனியே ஒதுங்கும். சாயங்காலம் அந்த முறத்தில் கழிக்க ஒரு பயிறு இருக்காது.

காயை மண்ணுக்குள் புதைத்துக்கொள்கிற பயிர் இது. காற்று தூக்கிப் போகாது; தானாகப் பரவினால் வருஷத்துக்கு ஓரிரு முழம். இது பிறந்ததோ ஆண்டீஸ் மலையடிவாரத்தில், பொலிவியாவின் தெற்கும் அர்ஜென்டினாவின் வடமேற்கும் சேரும் பக்கம், இரண்டு காட்டுச் செடிகள் கலந்து. அங்கிருந்து ஒவ்வொரு அடியும் யாரோ மடியில் கட்டி எடுத்துப் போனதுதான். பெருவில் சிப்பான் என்ற இடத்தில் தோண்டிய மோச்சே அரசர் கல்லறையில் மல்லாட்டைக் காய் வடிவில் பத்துப் பொன்மணி, பத்து வெள்ளிமணி கோத்த மாலை இருந்தது. நமக்கு அது சாயங்காலத் தீனி, அவர்களுக்கு அரசன் கழுத்து நகை! பிறகு போர்த்துகீசியர் ஆப்பிரிக்காவுக்கும், ஸ்பானியர் மணிலாவுக்கும் கப்பலில் கொண்டுபோனார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் எங்கள் தென்னாற்காட்டுக் காய் புதுச்சேரித் துறைமுகம் வழியாக மார்செய் எண்ணெய் ஆலைகளுக்குப் போனது.

விதை ரகத்தைக் கேட்டாலும் இதே கதைதான். திண்டிவனம் பண்ணையில் தேர்ந்தெடுத்து 1940இல் தந்த டி.எம்.வி. 1, செனகலின் சலூம் விதை. டி.எம்.வி. 2 நம் குடியாத்தம் கொத்து. 1967இல் வந்த டி.எம்.வி. 7, அமெரிக்காவின் டென்னசி ஒயிட்.

சரி, கொல்லைக்கு வருவோம். பூ வாடியதும் அடியிலிருந்து ஊசி மாதிரி விழுது கிளம்பி மண்ணைத் தேடி இறங்கும். நாற்பது, நாற்பத்தைந்தாம் நாள் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் தூவி, களை வெட்டிய கையோடு மண் அணைக்க வேண்டும். காய்க்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தை வேர் கொண்டுவந்து தராது, காயே மண்ணிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். அது கிடைக்காவிட்டால் ஓடு பெருத்து உள்ளே பொக்கு. அணைத்த பிறகு களைக்கொட்டைத் தொடாதீர்கள். பக்கத்துக் கொல்லைப் பையன் ஒருவன் கோரையைக் கண்டு பொறுக்காமல் பிந்திப்போய்க் கொத்தினான். கொல்லை பார்க்கச் சுத்தமாக இருந்தது. பிடுங்கினால் செடிக்கு நாலு காய்; அறுந்த விழுதெல்லாம் அடியில் காய்ந்து தொங்கியது. "களையைக் கையால புடுங்கியிருந்தா போதுமேடா தம்பி" என்றார் பெரியம்மா. வேறெதுவும் சொல்லவில்லை.

பிடுங்குகிற நாளைக் காலண்டர் சொல்லாது. இங்கொன்றும் அங்கொன்றுமாகச் செடியைப் பிடுங்கி ஓட்டை உடைத்துப் பாருங்கள். உட்புறம் வெள்ளையாக இருந்தால் பொறுங்கள், கறுத்திருந்தால் ஆள் சொல்லிவிடுங்கள். கொத்து ரகத்துக்கு உறக்கம் கிடையாது. முற்றிய காய்மேல் ஒரு மழை பெய்தால் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும்.

பிடுங்கிய செடியை ஈரத்தோடு போர் போடாதீர்கள், பூசணம் ஏறினால் பயிறு விஷம். ஆய்ந்த காயைக் குலுக்கினால் உள்ளே சலசலக்கும்வரை காயவிடுங்கள். விதைக்கு ஒதுக்கியதைக் காயாகவே கட்டி, பலகைமேல் அடுக்குங்கள். மூட்டை சுவரில் படவேண்டாம்.