கட்டியங் கூறிய ஹெரால்டு

ஹெரால்டு என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு, அரசன் வருமுன் கட்டியங் கூறுபவன் என்று பொருள். சென்னையை அடுத்த வண்டலூரில் தொழிற்சாலை நடத்திய ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் நிறுவனம், 1961 முதல் அப்பெயரில் தயாரித்த சிறு காரை வயதில் மூத்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அது யாருடைய வருகைக்குக் கட்டியங் கூறியது என்பதே நம்மில் பலர் அறியாத செய்தி. டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற புகழ்பெற்ற ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் கார், நம் ஹெரால்டின் எலும்புக்கூட்டின் மீது எழுந்ததாகும்.

எங்கள் தம்மம்பட்டி மரச்சிற்பிகள் முழுக் கட்டையிலிருந்து உருவத்தைச் செதுக்கி எடுப்பதைப் பார்க்கிறேன். தனித்தனித் துண்டுகளை இணைத்துச் செய்யும் தச்சு வேலை வேறு வகை. 1950-களில் கார்த் தொழில் ஏறத்தாழ முதல் முறைக்கு மாறிக்கொண்டிருந்தது. அடிச்சட்டமும் உடலும் வேறு வேறு என்றில்லாமல், ஒரே கூடாகக் கார்களைச் செய்யத் தொடங்கினார்கள். கவென்ட்ரி நகரின் ஸ்டாண்டர்ட் டிரையம்ஃப் நிறுவனத்தாருக்கோ அந்த வழி அடைபட்டது. அவர்களுக்கு உடற்கூடு செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்டு லட்லோ நிறுவனத்தைப் போட்டியாளரான பி.எம்.சி. 1953-இல் வாங்கிவிட்டது. வேறு வழியின்றித் தனி அடிச்சட்டம் செய்து, தகடுகளைப் பல இடங்களில் செய்வித்து, மரையாணிகளால் அதன்மேல் பூட்டினார்கள். ஜியோவானி மிக்கெலோட்டி என்ற இத்தாலியர் அதற்கு அழகிய உருவம் வரைந்தார். 1959-இல் ஹெரால்டு பிறந்தது.

இச்சட்டத்தின் பயன் பிறகுதான் விளங்கிற்று. உடலே சட்டமாக உள்ள காரில் கூரையை அறுத்தால் வலிமை குன்றும். ஹெரால்டில் பாரத்தைச் சுமப்பது கீழுள்ள சட்டம். அதைச் சுமார் எட்டரை அங்குலம் குறுக்கி, கூரையை நீக்கி, இருவர் மட்டும் அமரும் காரை மிக்கெலோட்டி அமைத்தார். ஆனால் நிறுவனத்தில் பணமில்லை. மாதிரி வண்டி ஒரு மூலையில் துணி போர்த்திக் கிடந்தது. 1961-இல் லேலண்டு நிறுவனம் பொறுப்பேற்றபோது, புதிய நிர்வாகிகள் அத்துணியை விலக்கிப் பார்த்து ஒப்புதல் தந்தார்கள். 1962-இல் போர் விமானமொன்றின் பெயரைத் தாங்கி ஸ்பிட்ஃபயர் வெளிவந்தது. 1147 சி.சி. இயந்திரம், 63 குதிரைத் திறன், மணிக்கு ஏறத்தாழ 145 கிலோமீட்டர் வேகம். இன்றைய கணக்கில் இவை பெரிதல்ல. தாழ்ந்த இருக்கையும் முகத்தில் மோதும் காற்றும் குறைந்த வேகத்தையே பெருவேகமாக உணரவைப்பதுதான் அதன் குணம்.

சென்னையில் அதே சட்டத்துக்கு நேர்மாறான வாழ்வு கிடைத்தது. அங்கே கூரையும் பின்னிருக்கையும் போயின. இங்கே 1968-இல் மேலும் இரு கதவுகள் சேர்ந்தன. நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவுக்கே உரியது. பாட்டியையும் பேரக் குழந்தைகளையும் விட்டுவிட்டு, கணவனும் மனைவியும் மட்டும் காற்று வாங்கப் போகும் கார் நம் வீடுகளில் எத்தனை நாள் நிலைக்கும்?

அடைபட்ட வழியே இவ்வளவுக்கும் காரணமாயிற்று என்று கண்டதும், இதனை இறைப் பராமரிப்புக்கு எடுத்துக்காட்டாக்கி மறையுரையாற்ற என் கை துறுதுறுக்கிறது. தீமையினின்றும் இறைவன் நன்மையை வருவிப்பார் என்று குருமடத்தில் பயின்றவன் அல்லவா? எனினும் ஒரு தயக்கம். அச்சட்டத்தோடு வந்த பின்சக்கர அமைப்பு ஆபத்தானதும்கூட. வேகமாக வளைவில் திரும்புகையில் முடுக்கியிலிருந்து சட்டெனக் காலை எடுத்தால் பின்சக்கரம் உள்நோக்கி மடங்கும், வண்டி நிலைதடுமாறும். ஸ்பிட்ஃபயரில் இதை 1970-இல்தான் பெருமளவு திருத்தினார்கள். நம்மவர்களோ 1970-களின் தொடக்கத்தில் வந்த கசல் என்ற காரில் அவ்வமைப்பையே நீக்கி, வளையாத ஒற்றை அச்சைப் பொருத்தினார்கள். எல்லா நன்மைக்கும் உடனே இறைவனைச் சாட்சிக்கு அழைப்பவர்கள், வளைவில் கவிழ்ந்தவனுக்கும் பதில் சொல்லவேண்டும்.

மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் வெளிவந்தபின் 1980-இல் ஸ்பிட்ஃபயர் நின்றது. வண்டலூரில் 1985-இல் வந்த ஸ்டாண்டர்ட் 2000 வெற்றி பெறவில்லை. 1988-இல் உற்பத்தி முடிந்தது. பழைய ஹெரால்டுகள் இன்றும் சில ஓடுகின்றன. முன்மூடியும் சக்கரக் காப்புகளும் ஒன்றாய் முன்னோக்கித் திறக்க, இயந்திரம் முழுவதும் கைக்கு எட்டும். துருவேறிய தகட்டை மட்டும் கழற்றி வேறொன்றைப் பூட்டிவிடலாம், மற்றதைத் தொடவேண்டியதில்லை.