ரொட்டிக்காரர் வீட்டுப் பெண்

அடி என் கண்ணம்மா,

கொஞ்ச நாளாய் எனக்கு ஒரு அமெரிக்காக்காரி மேல் பைத்தியம் பிடித்திருக்கிறது, யாரிடமாவது கொட்டாவிட்டால் தூக்கம் வராது, நீதான் மாட்டிக்கொண்டாய். லிடியா மரியா சைல்ட் என்று பேர். 1802-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்து மெட்ஃபோர்டில் பிறந்தவள், அப்பா ரொட்டிக் கடைக்காரர். 12 வயசில் அம்மா போய்விட, இவளை மெய்ன் பக்கம் வாழ்க்கைப்பட்டிருந்த அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அண்ணன் மட்டும் ஹார்வர்டில் படித்தான். எந்த ஊரானால் என்ன, இந்த விஷயத்தில் எல்லாம் ஒன்றுதான், போ!

அசருகிற ஆளில்லை அவள். 1824-ல் நாவல் எழுதினாள், 1826-ல் பிள்ளைகளுக்கென்றே ‘ஜுவனைல் மிசலனி’ என்று ஒரு பத்திரிகை ஆரம்பித்தாள். ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை வரும் அதற்காக பாஸ்டன் தெருவில் வாண்டுகள் வாசற்படியில் உட்கார்ந்து காத்துக்கிடக்குமாம்.

புருஷன் டேவிட் இருக்கிறாரே, வக்கீல், கொள்கைக்காரர், ஆனால் கையில் காசு தங்காது. பின்னாளில் அடிமைகள் விளைவித்த கரும்புச் சர்க்கரை வேண்டாம் என்று பீட் கிழங்கில் சர்க்கரை காய்ச்சப் போய், அதிலும் கடன். எண்ணம் தங்கம்தான், கடைக்காரனுக்குப் பதில் சொல்வது யார்? அவள்தான்! கல்யாணமான அடுத்த வருஷமே, 1829-ல், சிக்கனமாய்க் குடித்தனம் நடத்துவது எப்படி என்று ஒரு புத்தகம் போட்டாளே, முப்பதுக்கு மேல் பதிப்பு கண்டது அது.

இப்படிப் பேரும் புகழுமாய் இருக்கிறபோது, 1833-ல், அடிமைகளை உடனே விடுதலை செய்யுங்கள் என்று ஒரு புத்தகம் எழுதினாள். வெள்ளையரும் கறுப்பரும் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாதென்ற சட்டத்தையும் விடவில்லை. அவ்வளவுதான், பாஸ்டன் பெரிய மனிதர்களுக்கு மூக்குமேல் கோபம். அதீனியம் நூலகம் கொடுத்திருந்த இலவசச் சலுகையைப் பிடுங்கிக்கொண்டது. அதுகூடப் போகட்டும்டி. பிள்ளைகளின் பத்திரிகைக்குச் சந்தாவை நிறுத்தினார்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நேற்றுவரை அவள் கதையைச் சொல்லிப் பிள்ளையைத் தூங்கவைத்த அம்மாக்கள்தானே! 1834-ல் ஆசிரியர் வேலையை விட்டு இறங்கினாள்.

பேனாவை மட்டும் கீழே வைக்கவில்லை. தேங்க்ஸ்கிவிங் நாளில் தாத்தா வீட்டுக்குப் பனியில் வண்டி கட்டிக்கொண்டு போகிற பாட்டு ஒன்று 1844-ல் எழுதினாள், அமெரிக்கப் பிள்ளைகள் இன்னும் பாடுகிறார்கள். அடிமையாய் இருந்து தப்பிய ஹாரியட் ஜேக்கப்ஸ் எழுதிய சுயசரிதையை 1861-ல் பதிப்பித்துக் கொடுத்தவளும் இவள்தான்.

எனக்குப் பிடித்ததைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். 1864-ல் தான் செய்த வேலைகளையெல்லாம் உட்கார்ந்து கணக்கெழுதியிருக்கிறாள்: 362 காலைச் சாப்பாடு, 360 பகல் சாப்பாடு சமைத்தது, 362 தடவை விளக்குக்கு எண்ணெய் ஊற்றியது, எல்லாம் ஒன்று விடாமல். டேவிட் கணக்கு எழுதினாரா என்ன! அதே பட்டியலில் அந்த வருஷம் எழுதிய கடிதங்கள் 235. உன்னிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான், சோம்பேறி, இந்த மாசத்துக்குள் போடு.

உன் பிரியமுள்ள தோழி