கப்பல் ஏறாத மாம்பழங்கள்

மயாமி, ஜூலை



தெற்கு ஃப்ளோரிடாவில் ஜூன் பிறந்து ஆகஸ்ட் முடியும் வரை மாம்பழத்தைக் காசு கொடுத்து வாங்குகிறவர் ஒன்று புதிதாகக் குடிவந்தவராக இருக்க வேண்டும், அல்லது அக்கம்பக்கத்தில் யாரோடும் பேசாதவராக இருக்க வேண்டும். எங்கள் பகுதியில் பல வீடுகளில் மாமரம் உண்டு. கார் நிறுத்தும் இடமெல்லாம் பழம் விழுந்து நசுங்கிக் கிடக்கிறது. அணில்களுக்கே அலுத்துப்போய், ஒரு கடி கடித்துவிட்டு அடுத்ததற்குத் தாவுகின்றன. மிஞ்சியதை அட்டைப்பெட்டியில் போட்டு வாசலில் வைத்து, ‘எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று எழுதி ஒட்டிவிடுகிறார்கள். அமெரிக்கா என்றாலே பனி கொட்டும் படங்களை நினைத்துக்கொள்ளும் என் உறவினர்கள், நான் இதைச் சொன்னால் நம்புவதில்லை.

மரங்களைவிட அவற்றை நட்டவர்கள்தான் இங்கே விசேஷம். ஹைட்டி, ஜமைக்கா, கியூபா, தாய்லாந்து என்று பல தேசத்தார் வாழும் ஊர் இது. ஒவ்வொருவருக்கும் பிறந்த மண்ணில் விட்டுவந்த ஒரு பழம் இருக்கிறது. அதை இங்கே எங்காவது தேடிப்பிடித்து நட்டிருக்கிறார்கள். ஆகவே கோடை முழுக்க எனக்கு வேறு வேலை இல்லை. தேசம் தேசமாகச் சாப்பிட்டு ஒப்பிடுவதுதான்.

ஹைட்டிக்காரர்களுக்கு மாம்பழம் என்றால் ஃபிரான்சிஸ். எங்கள் தெருவில் உள்ள ஹைட்டி அம்மாள் ஒருவர், மற்றதெல்லாம் சர்க்கரை போட்ட பூசணிக்காய் என்பார். நீண்டு லேசாக வளைந்த பழம். பழுத்தாலும் மஞ்சளில் பச்சை கலந்தே இருக்கும். தித்திப்போடு ஒரு காரமான வாசம். நார் நிறைய உண்டு. அதை நறுக்கித் தட்டில் வைத்தால் பழத்துக்கு அவமானம். உள்ளங்கையில் உருட்டிப் பிசைந்து, காம்புப் பக்கம் கடித்து உறிஞ்ச வேண்டும். கிருஷ்ணகிரிப் பக்கத்தில் நீலம் சப்பி வளர்ந்த எனக்கு இதை யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. ஹைட்டியில் இதற்குப் பெரிய தோப்புகள் கிடையாது. சிறு விவசாயிகளின் கொல்லைகளில் ஒன்றும் இரண்டுமாக நிற்கும் மரங்களிலிருந்து திரட்டித்தான் ஏற்றுமதி செய்கிறார்கள்.

ஜமைக்காக்காரர்களும் டிரினிடாட்காரர்களும் ஜூலி கட்சி. கைக்கடக்கமான தட்டைப் பழம், குட்டை மரம். பிசின் வாடை கலந்த அந்த அடர்த்தியான மணம் முதல் வாயில் சிலருக்குப் பிடிக்காது. இரண்டாவது பழத்தில் அடிமையாகிவிடுவார்கள். ஜமைக்காவுக்கு மா போய்ச் சேர்ந்ததே ஒரு கடற்சண்டைக் கதை. 1782இல் பிரெஞ்சுக் கப்பல் ஒன்றை ஆங்கிலேயக் கடற்படை பிடித்தது. அதில் மாங்கன்றுகள் எண் போட்டு ஏற்றப்பட்டிருந்தன. அவை ஜமைக்காவில் நடப்பட்டன. ‘நம்பர் 11’ என்ற பெயரிலேயே ஒரு ரகம் அங்கே இன்றும் இருக்கிறது.

தாய்லாந்துக்காரர்களின் நாம் டாக் மாய் இந்த இரண்டுக்கும் எதிர்த்துருவம். ஒல்லியாக, கூர் மூக்கோடு, வெளிர் மஞ்சளாக இருக்கும். நார் என்ற பேச்சே இல்லை. வாசம் அடக்கம், இனிப்பு சுத்தம். ஒட்டரிசிச் சோற்றில் தேங்காய்ப்பால் ஊற்றி இந்தப் பழத்துண்டுகளை அடுக்கித் தருவார்கள். சோற்றோடு மாம்பழமா என்று முகம் சுளிக்க வேண்டாம். தயிர்சாதத்துக்கு மாம்பழம் தொட்டுக்கொள்ளும் வீடுகள் நம்மிடமும் உண்டே.

உலகத்து மாம்பழங்களைத் தேசவாரியாகப் பிரிப்பதைவிட இரண்டு குலமாகப் பிரிப்பது எளிது. இந்தியக் குலத்தில் கொட்டைக்கு ஒரு முளை. அந்தக் கன்று தாயைப் போலவே காய்க்கும் என்று நம்ப முடியாது. அதனால்தான் நம் ஊரில் ஒட்டுக்கட்டிப் பிழைக்கிறோம். தென்கிழக்காசியக் குலத்தில் ஒரே கொட்டையிலிருந்து பல முளைகள் வரும். அவற்றில் பெரும்பாலானவை தாயின் அச்சு. ஒட்டுக்கட்டும் வேலை இல்லாமலே கொட்டையை எடுத்துக்கொண்டு கடல் தாண்டலாம். பிலிப்பைன்ஸ் மா அப்படித்தான் ஸ்பானியர்களின் கப்பலில் மணிலாவிலிருந்து மெக்சிகோ போனது. இன்று மெக்சிகோவிலிருந்து அமெரிக்கக் கடைகளுக்கு வசந்தத்தில் வந்து குவியும் மஞ்சள் நிற அட்டவுல்ஃபோ இந்தக் குலம்தான். தோல் சுருங்கும் வரை பொறுத்திருந்தால் மெல்லிய புளிப்போடு பிரமாதமாக இருக்கும். ஆனால் மணத்தில் நம் குலத்தை எட்டாது. ஒரு நல்ல பழம் பழுத்தால் பக்கத்து அறைக்குத் தகவல் போக வேண்டும் என்பது என் கட்சி.

இனி, அமெரிக்காவின் பெரிய கடைகளில் ஆண்டு முழுதும் கிடைக்கும் சிவப்புக் கன்னப் பழத்துக்கு வருவோம். டாமி அட்கின்ஸ் என்று பெயர். பார்க்க லட்சணம், வாயில் போட்டால் நாரும் தண்ணீரும். இதைத் தின்றுவிட்டு, “வெளிநாட்டு மாம்பழத்தில் ருசியே இல்லை, நம்ம ஊர் மண்ணுக்கு ஈடாகுமா” என்று பெருமூச்சு விடாத தமிழர் இங்கே இல்லை. அவர்களிடம் அதன் வம்சாவளியைச் சொன்னால் சற்று திடுக்கிடுவார்கள்.

1889இல் அமெரிக்க வேளாண் துறை பம்பாயிலிருந்து சில ஒட்டுக்கன்றுகளைத் தருவித்தது. அடுத்து வந்த உறைபனியில் மற்றவை பட்டுப்போக, வெஸ்ட் பாம் பீச் பக்கம் எல்பிரிட்ஜ் கேல் என்ற முன்னாள் பேராசிரியரின் தோட்டத்தில் மல்கோபா மரம் ஒன்று மட்டும் பிழைத்து, 1898இல் காய்த்தது. அந்தப் பழத்தின் கொட்டைகளை 1902இல் இதே மயாமியின் கோகனட் குரோவில் ஊன்றினார் ஜான் ஹேடன் என்ற ஓய்வுபெற்ற ராணுவ கேப்டன். காய்ப்பதைப் பார்க்க அவர் இருக்கவில்லை. மனைவி வளர்த்த மரம் 1910இல் செக்கச்செவேலென்று காய்த்தது. ஹேடன் என்ற அந்த ரகத்தின் பிள்ளைதான் டாமி அட்கின்ஸ். கடைகளில் கிடைக்கும் இன்னொரு ரகமான கென்ட்டின் கதை எனக்கு இன்னும் நெருக்கம். அதன் தாய் ப்ரூக்ஸ். ப்ரூக்ஸின் தாய் சாந்தர்ஷா. சாந்தர்ஷா வேறு எதுவும் இல்லை, எங்கள் கிருஷ்ணகிரியில் கூழ் ஆலைகளுக்கு லாரி லாரியாகப் போகும் கிளிமூக்குதான்.

ஆக, மண்ணையும் குலத்தையும் குறை சொல்லிப் பயன் இல்லை. பிறகு ருசி எங்கே போனது? 1950களில் டாமி அட்கின்ஸ் பழத்தை அதன் சொந்தக்காரர் ஃப்ளோரிடா மாம்பழச் சங்கத்தின் முன் வைத்தார். ருசி சுமார் என்று அவர்கள் திரும்பத் திரும்பத் தள்ளினார்கள். தோப்புக்காரர்கள் மட்டும் வேறு கணக்குப் போட்டார்கள். தோல் தடிமன், நோய் தாங்கும், காய்ப்பு அதிகம், பெட்டியில் அடுக்கினால் நசுங்காது, பல நாள் கெடாது, கண்ணைப் பறிக்கும் சிவப்பு. அந்தக் கணக்கே ஜெயித்தது. 1992இல் ஆண்ட்ரூ புயல் ஹோம்ஸ்டெட் வட்டாரத்துத் தோப்புகளை முறித்துப்போட்டது. அதன் பிறகு வியாபாரம் மெக்சிகோவுக்கும் தென்னமெரிக்காவுக்கும் கைமாறியது. பயணதூரம் கூடக்கூட, பயணம் தாங்கும் பழத்துக்கே மவுசு கூடியது.

பயணத்துக்கு முன் பழம் படும் பாடும் சாதாரணம் இல்லை. பழ ஈ கூடவே வந்துவிடக் கூடாதென்று, மெக்சிகோ மாங்காய்களைச் சுமார் 46 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரத்துக்கு மேல் முக்கி எடுக்கிறார்கள். இந்திய மாம்பழத்துக்கு நெடுங்காலம் இங்கே கதவே திறக்கவில்லை. காரணம், நீலத்தையும் கிளிமூக்கையும் வெட்டும்போது கொட்டைக்குள்ளிருந்து குடுகுடுவென்று ஓடுமே, அந்தக் கருவண்டு. நாம் அதைத் தட்டிவிட்டுப் பழத்தைத் தின்கிறோம். அமெரிக்க அரசு அதற்குப் பயப்படுகிறது. கதிர்வீச்சு செலுத்தி அனுப்பலாம் என்று ஒப்புக்கொண்ட பிறகு, 2007 ஏப்ரலில்தான் முதல் அல்போன்சா பெட்டிகள் வந்திறங்கின. மரத்தில் முற்றும் முன் பறித்து, வெந்நீரிலோ கதிர்வீச்சிலோ நனைத்து, குளிரில் கிடத்தி அனுப்பினால் எந்தக் குலத்துப் பழமும் வெம்பத்தான் செய்யும். 13 டிகிரிக்குக் கீழே வைத்த காய் ஒழுங்காகப் பழுக்கவே பழுக்காது.

அப்படியென்றால் ஒப்பிட வேண்டியது எந்த நாட்டுப் பழம் என்பதை அல்ல. எத்தனை நாள் மரத்தில் இருந்த பழம் என்பதையே. இங்கே டெல்ரே பீச்சில் ஜூலியின் கொட்டையிலிருந்து பிறந்த கேரி என்ற ரகம் உண்டு. மெல்லிய தோல், தொட்டால் குழையும் சதை, கிறங்கடிக்கும் மணம். எந்த சூப்பர் மார்க்கெட்டிலும் பார்க்க முடியாது. லாரியில் பத்து மைல் தாங்காது. கொல்லையில் இருப்பவருக்கும் அவருடைய சிநேகிதருக்கும் மட்டுமே அந்த யோகம். இன்னொன்று மல்லிகா. நீலத்துக்கும் வடக்கத்தி தசேரிக்கும் டெல்லி ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்த பிள்ளை. இங்கே அதற்குத் தனி ரசிகர் கூட்டம். முற்றிய காயாகப் பறித்து, ஃப்ரிட்ஜ் பக்கமே போகாமல் இரண்டு மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். பொறுத்தவர் நாக்கில் தேனும் ஆரஞ்சுத் தோலின் மணமும்.

என்னைத் தராசு பிடிக்கச் சொன்னால், மல்லிகாவுக்கு முதலிடம், கேரிக்கு இரண்டு, உறிஞ்சித் தின்ன ஃபிரான்சிஸுக்கு மூன்று என்பேன். விமானத்தில் வரும் அல்போன்சா, அதன் பெயரை மனதில் வைத்துத் தின்றாலும் நாலாவதுதான். இரத்தினகிரியில் அதே பழத்தைத் தின்பவர் என்னை அடிக்க வரலாம். அவர் பக்கமும் நியாயம் உண்டு.

கடைசியாக, ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகளுக்கென்று பெட்டியில் மாம்பழம் ஒளித்துக் கொண்டுவராதீர்கள். விமான நிலையத்திலேயே பறித்துக் குப்பையில் போட்டுவிடுவார்கள். அடுத்து, கடைக்காரர் பளபளக்கும் பழத்தைக் காட்டி “எக்ஸ்போர்ட் குவாலிட்டி சார்” என்று விலை ஏற்றினால் ஏமாறாதீர்கள். அது எங்களுக்காகத் தயார் செய்த பழம், எங்கள் தலைவிதி. நீங்கள் தோப்புக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள். புள்ளி விழுந்து, காம்படியில் தேன் கசிந்து, நாளைக்குத் தாங்காது என்று ஓரமாக ஒதுக்கி வைத்திருப்பாரே, அதைப் பாதி விலைக்குப் பேசி வாங்கி இன்றைக்கே சாப்பிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மயாமிவாசி