மின்சாரம் தீர்ந்த பிறகும் ஓடுமா?

“மிதிக்கவே வேணாம்னா அப்புறம் எதுக்கும்மா அதுக்கு சைக்கிள்னு பேரு?”

கடையில் நின்ற தடித்த டயர் மின்சைக்கிளை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டு அப்பா கேட்ட முதல் கேள்வி இதுதான். கடைக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். கைப்பிடியைத் திருகினாலே ஓடும், ஒருமுறை சார்ஜ் போட்டால் 80 கிலோமீட்டர் போகும் என்று அவர் சொன்னதும் என் மனம் தெலுக் இந்தானுக்கே போய்விட்டது.

அப்பா பிறந்து வளர்ந்தது உத்தான் மெலிந்தாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். இளவட்டமாக இருந்தபோது படம் பார்க்கத் தெலுக் இந்தானுக்குச் சைக்கிளிலேயே போய்வருவாராம். கிள்ளானுக்குக் குடிவந்து நாற்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. இப்போது வயது 67, இரண்டு முட்டியிலும் வலி. “மெதுவாகச் சைக்கிள் மிதிப்பது நல்லதுதான், மேடும் எதிர்காற்றும்தான் ஆகாது” என்று டாக்டர் சொல்லியிருந்தார். மேட்டையும் காற்றையும் மோட்டார் பார்த்துக்கொள்ளட்டும், மிச்சத்தை அப்பா பார்த்துக்கொள்ளட்டும் என்று கணக்குப் போட்டேன். கிள்ளானிலிருந்து 5ஆம் எண் கூட்டரசு சாலையில் கோல சிலாங்கூர், செக்கிஞ்சான், சபாக் பெர்ணம் வழியாகத் தெலுக் இந்தானுக்குச் சுமார் 150 கிலோமீட்டர். பெரும்பாலும் சமதளம்.

அப்பாவை அழைத்துப் போகும் முன் நான் மட்டும் கோல சிலாங்கூர் வரை ஓட்டிப் பார்த்தேன். எதிர்காற்று. பின்னால் இரண்டு பை. மிதிக்கச் சோம்பல்பட்டுக் கைப்பிடியைத் திருகிக்கொண்டே போனேன். ஜெராம் தாண்டி, சரியாக 38ஆவது கிலோமீட்டரில் மோட்டார் அடங்கியது. வானொலியில் ஐந்து விநாடி அமைதி விழுந்தாலே எங்களுக்கு வியர்த்துவிடும். அன்று விழுந்த அமைதி கோல சிலாங்கூர் வரை நீண்டது. 32 கிலோ வண்டியை மிதித்தால் நகரவில்லை. பாதி தூரம் தள்ளிக்கொண்டுதான் போனேன்.

இரவு நடந்ததைச் சொன்னபோது அப்பா திட்டவில்லை. “கரண்டு தீந்த பிறகும் மிதிச்சு வீடு வந்து சேர முடியுமான்னு பாரும்மா. முடியும்னா அது சைக்கிள். முடியலைன்னா அது பாரம்” என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான் மறுபடி தேட ஆரம்பித்தேன். முதல் வண்டியை விற்றதில் நல்ல நட்டம். அந்த நட்டத்தில் கற்றதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

விளம்பரத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டரை நம்பாதீர்கள். பேட்டரியில் எழுதியிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்குங்கள். வாட்-மணி கிடைக்கும். என் பழைய வண்டி 48 வோல்ட், 10 ஆம்பியர்-மணி, அதாவது 480 வாட்-மணி. 38 கிலோமீட்டரில் அது தீர்ந்தது என்றால் கிலோமீட்டருக்குப் பன்னிரண்டுக்கு மேல் குடித்திருக்கிறது. பிறகு வாங்கியது 36 வோல்ட், 14 ஆம்பியர்-மணி: 504 வாட்-மணி. பேட்டரி கொஞ்சம்தான் பெரிது. ஆனால் எடை 22 கிலோ, டயர் சாதாரண டயர், மிதித்தால் மட்டுமே மோட்டார் உதவும். பைகளோடு, குறைந்த உதவியில், கிலோமீட்டருக்கு எட்டு வாட்-மணிதான் செலவானது. அறுபது கிலோமீட்டர் தாராளமாகப் போகலாம். நாங்கள் நாளுக்கு ஐம்பது என்று வைத்துக்கொண்டோம்.

ஐரோப்பியத் தரமான இஎன் 15194இன்படி மோட்டார் 250 வாட்டுக்குள் இருக்க வேண்டும், 25 கிலோமீட்டர் வேகத்தில் உதவியை நிறுத்திவிட வேண்டும். பயணத்துக்கு அது போதும். நம் நாட்டில் மின் ஸ்கூட்டர் போன்ற சிறு வாகனங்களைச் சாலையில் ஓட்ட 2021 டிசம்பரில் தடை வந்ததும் நினைவிருக்கட்டும். எந்த வண்டியானாலும் பணம் கட்டும் முன் ஜேபிஜே விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மோட்டார் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். மிதிகட்டை நடுவில் இருந்தால் மலையேற நல்லது, விலை அதிகம், சங்கிலியும் சீக்கிரம் தேயும். பின்சக்கரத்தில் இருந்தால் விலை குறைவு, ஆனால் பஞ்சரானால் மின்கம்பியைக் கழற்றித்தான் சக்கரத்தை எடுக்க வேண்டும். எங்கள் சாலை சமதளம் என்பதால் இரண்டாவதையே எடுத்தேன். சக்கரத்தைக் கழற்றி மாட்ட வீட்டிலேயே மூன்று முறை பழகினேன். இருவருக்கும் ஒரே ரக வண்டி. ஒரு சார்ஜர் கெட்டாலும் மற்றது கைகொடுக்கும். டயர் 26 அங்குலம். சின்ன ஊர்க் கடையிலும் டியூப் கிடைக்கும்.

ஒன்று மட்டும்: போகும்போது ஓட்டிவிட்டுத் திரும்பும்போது விமானத்தில் வரலாம் என்று கனவு காணாதீர்கள். பயணிகள் கொண்டுபோகும் லித்தியம் பேட்டரிக்கு, விமான நிறுவனம் அனுமதித்தாலும், உச்சவரம்பு 160 வாட்-மணிதான்.

ஒரு பள்ளி விடுமுறையில் கிளம்பினோம். விடியும் முன் புறப்பட்டு, வெயில் ஏறும் முன் முக்கால் தூரம் முடித்துவிடுவோம். முதல் இரவு கோல சிலாங்கூர், இரண்டாவது சுங்கை பெசார். பசியாற நிறுத்தும் கடைகளில் சார்ஜ் போடக் கேட்கக் கூச்சப்பட்டேன். காலிப் பேட்டரி முழுதாக நிறைய அரை யூனிட்டுக்குச் சற்று மேல்தான் ஆகும், ஒரு தே தாரே விலைகூட வராது. செக்கிஞ்சானில் ஒரு மாமாக் கடையில் அப்பா இரண்டாவது தே தாரேயும் சொல்லிவிட்டுப் பிளக்கைக் கேட்டார். உடனே கிடைத்தது. வெளியே வயல் பச்சையாக விரிந்து கிடந்தது.

கஷ்டமே இல்லை என்று சொல்ல மாட்டேன். லாரிகள் உரசுவது போல் போகும். பின்னால் வருவதைப் பார்க்கச் சின்னக் கண்ணாடி மாட்டியது உயிர் காத்தது என்றே சொல்வேன். இரண்டாம் நாள் மாலை கொட்டிய மழையில் பேட்டரியைக் கழற்றிப் பிளாஸ்டிக் பையில் சுற்றி ஒரு பஸ் நிறுத்தத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். சின்ன வயசில் இப்படித்தான் மழைக்கு ஒதுங்குவேன் என்று அப்பா பேச ஆரம்பித்தவர், மழை விட்ட பிறகும் நிறுத்தவில்லை.

மூன்றாம் நாள் பெர்ணம் ஆற்றுப் பாலத்தைத் தாண்டிப் பேராவுக்குள் நுழைந்தோம். அப்பாவின் தோட்டத்தில் லயங்கள் இல்லை. செம்பனைதான் நின்றது. கோயில் மட்டும் புதுச் சாயத்தோடு இருந்தது. அப்பா கும்பிட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் படியில் உட்கார்ந்தார். பிறகு வண்டியில் ஏறி, திரையில் ஏதோ அழுத்தினார்.

“என்னப்பா பண்றீங்க?”

“மோட்டாரை நிறுத்திட்டேன். இந்த ரோட்டுல நான் கரண்டு வச்சு ஓட்டுனதில்லை.”

தெலுக் இந்தானில், 1885இல் தண்ணீர்த் தொட்டியோடு கட்டப்பட்ட அந்தச் சாய்ந்த கோபுரத்தின் அடியில் நாங்கள் நின்றபோது, என் பேட்டரியில் ஒரு கோடு. அப்பாவுடையதில் மூன்று.

தம்பி வேன் கொண்டுவந்து எங்களை ஏற்றிக்கொண்டான். மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது பார்த்தேன். வரவேற்பறையில் ஒரு பேட்டரி சார்ஜில் இருந்தது. நான் போடவில்லை.