வேணாம் எண்டா வேணாம்தான்

2016 ஜூன் 24 காலை, சென்னை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் வேலைக்குப் போக நின்ற 24 வயதுப் பெண் வெட்டிக் கொல்லப்பட்டார். ஒருதலைக் காதல் என்றது பொலிஸ். கைதான இளைஞர் செப்டெம்பரில் புழல் சிறையில் இறந்தார். தற்கொலை என்றது சிறை, குடும்பம் ஏற்கவில்லை. வழக்கு விசாரணைக்கே வரவில்லை. அந்த மனதுக்குள் என்ன இருந்தது என்று நீதிமன்றம் கேட்கவே முடியாமல் போயிற்று.

சூறா யூசுபில் அஸீஸின் மனைவி ஆசைப்பட்டார். மறுத்த யூசுப் (அலை) அவர்கள்தான் சிறைக்குப் போனார்கள். ஆசை முத்திப்போனால் மறுப்பு அவமானமாகத்தான் தெரியும்.

கல்முனையில் டியூஷன் வாசலில் மோட்டார் சைக்கிளோடு நிற்கிற நம்ம பொடியன்மாருக்கு, பின்னால திரிஞ்சா மனசு மாறும் என்று படங்கள் சொல்லிக் கொடுத்திருக்கின்றன. ஒரு பிள்ளை வேணாம் எண்டா வேணாம்தான் என்பதை உம்மாவும் வாப்பாவும்தான் சொல்லிக் கொடுக்க வேணும்.