ஒரு வாய் தண்ணீர்

சென்ற தை மாதம் ஒரு கல்யாணத்துக்காகத் தங்கையை அழைத்துக்கொண்டு பகல் வண்டியில் மதுரைக்குப் போனேன். செங்கற்பட்டில் தண்ணீரை நீட்டினேன், வேண்டாமென்றாள். விழுப்புரத்திலும் வேண்டாம், திருச்சியிலும் வேண்டாம். உதடு காய்ந்து வெடித்திருந்தது. "என்ன விரதமா?" என்று கேலி செய்தேன். அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவளுக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு வியாதி வந்து ஏழு வருஷமாகிறது. மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பின் மேலுறை அங்கங்கே அழிந்துபோக, உடம்புக்குப் போகவேண்டிய செய்தி வழியிலேயே தடுமாறும். 1868-ல் பாரிஸ் நகரத்து வைத்தியர் ஷார்க்கோ இதை விவரமாக எழுதினார். கால் தடுமாறினால் ஊரே ஓடிவந்து கை கொடுக்கிறது. மூத்திரப்பை தடுமாறினால்? திடீரென்று முட்டும், எழுந்து நடப்பதற்குள் புடவை நனைந்துவிடும். அதை அண்ணனிடம் எப்படிச் சொல்வாள்? பெண் மனத்தை எழுதுகிறவன் என்று எனக்கு ஒரு பெயர் வேறு!

ஊர் திரும்பியதும் என் மனைவிதான் அவள் வாயிலிருந்து விஷயத்தை வாங்கினாள். டாக்டரிடமும் அழைத்துப் போனாள். சிறுநீர் கழித்த பிறகு ஸ்கேன் செய்து பார்த்ததில் உள்ளே இன்னும் 180 மில்லி தங்கியிருந்தது. அடக்கவும் முடியவில்லை, முழுதாகக் கழிக்கவும் முடியவில்லை. இந்த நிலையில் பையை அடக்கும் மாத்திரையை மட்டும் கொடுத்தால் தேக்கம் இன்னும் கூடிவிடலாமாம். தண்ணீரைக் குறைத்தது அதைவிடத் தப்பு. சிறுநீர் கெட்டியாகிப் பையை உறுத்தும், கிருமியும் சேரும். சென்ற வருஷம் இரண்டு முறை காய்ச்சல் வந்து அவள் கால் அடியோடு ஓய்ந்துபோயிற்று. வியாதி முற்றிவிட்டதென்று நாங்கள் அழுதோம். காரணம் இங்கே இருந்திருக்கிறது.

மெல்லிய குழாயைத் தானே செலுத்திப் பையைக் காலி செய்துகொள்ளச் சொன்னார்கள். இதற்கு ஆபரேஷன் அறைச் சுத்தம் தேவையில்லை, கையை நன்றாகக் கழுவிச் செய்தால் போதும் என்று 1972-ல் அமெரிக்க மருத்துவர் லாபிடெஸ் காட்டினார். "நானேவா?" என்று தங்கை ஒரு நாள் முழுக்க அழுதாள். நர்ஸ் அம்மாள் ஒருத்தி, கண்ணாடியை வைத்துக்கொண்டு, அவசரமே படாமல் கற்றுக்கொடுத்தாள். இப்போது நாளைக்கு நான்கு தடவை. ஐந்து நிமிஷ வேலை. கூடவே மாத்திரையும் உண்டு.

இதையெல்லாம் பத்திரிகையில் எழுதுவதா என்று தயங்கினேன். "எழுது, அண்ணா. பேரை மட்டும் போடாதே" என்றாள்.

போன வாரம் மறுபடியும் அதே பகல் வண்டி. விழுப்புரம் தாண்டியதும் தண்ணீர்ப் பாட்டிலை அவளே எடுத்தாள். காபிக்காரன் வந்தபோதுதான் முகம் வாடியது. காபியும் பையைக் கிளறிவிடுமாம். காலையில் ஒன்றோடு சரி. நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு என் காபியைக் குடித்தேன்.